கப்பல் கைத்துப்பாக்கி: சேகரிப்பாளர் அறிய வேண்டியவை

பிரிட்டிஷ் கடற்படைக்கென்று செய்யப்பட்ட சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி ஒரே ஒரு குண்டைச் சுடுவதற்கான கருவி. பகைவரின் கப்பலுக்குள் தாவி ஏறும் மாலுமி, கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவனை நோக்கி ஒருமுறை சுடுவான். மறுபடி மருந்து கெட்டிக்க அவனுக்கு நேரம் இருக்காது. அதன்பின் துப்பாக்கியைத் திருப்பிக் குழலைப் பிடித்துக்கொண்டு, பித்தளைப் பூண் போட்ட பிடியால் அடிப்பான். அதன் உருவம் முழுவதும் இந்த வேலைக்காக அமைந்ததுதான். பிடியின் அடியில் தடித்த பித்தளைத் தொப்பி இருக்கும். இடப்பக்கத்தில் நீண்ட எஃகுக் கொக்கி இருக்கும். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து ஏறுகிறவன், அந்தக் கொக்கியால்தான் துப்பாக்கியை இடுப்புவாரில் மாட்டிக்கொண்டான். உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் கெடும் என்பதால் விசைக்காப்பு, மருந்தையும் குண்டையும் குழலுக்குள் இடிக்கும் கெசக்கோலைச் செருகும் குழாய், பூட்டுக்கு எதிர்ப்புறத் தகடு ஆகியவை பித்தளையில் செய்யப்பட்டன. அலங்காரம் ஏதும் இல்லை. குதிரைப்படை அதிகாரிகளின் கைத்துப்பாக்கிகளில் காணும் வெள்ளி வேலைப்பாட்டை இதில் தேடக் கூடாது.

இதன் பூட்டு இயங்கும் முறை எளிது. குதிரை என்று நம் ஊரில் சொல்லப்படும் மேல்நோக்கிய இரும்புக் கையின் தாடையில், தோல் துண்டில் சுற்றிய சக்கிமுக்கிக் கல் இறுக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் குதிரை முன்னே பாய்ந்து, எதிரே நிற்கும் எஃகுத் தகட்டில் கல்லை உரசும். தகடு பின்வாங்கும்போது அதன் அடியில் உள்ள சிறு கிண்ணம் திறக்கும். பொறி கிண்ணத்து மருந்தில் விழும். குழலின் பக்கவாட்டில் உள்ள தீத்துளை வழியே தீ உள்ளே பாய்ந்து குண்டு வெளியேறும். குதிரையைப் பாதி இழுத்தால் விசை வேலை செய்யாது; முழுதும் இழுத்தால்தான் சுடும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான இந்த அமைப்பை பிரிட்டிஷ் கடற்படை 1840-கள் வரை கைவிடவில்லை.

சேகரிப்பாளர்கள் அடிக்கடி பேசும் மாதிரி 1756-ஆம் ஆண்டினது. அதன் குழல் 12 அங்குல நீளம், குழல்வாய் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் விட்டம், கட்டை வால்நட் மரம், கெசக்கோலும் மரமே. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 9 அங்குலக் குழல் கொண்ட குட்டை மாதிரி வந்தது. இரண்டும் வெகுகாலம் அருகருகே புழங்கின. ஆகவே குழல் குட்டையாக இருப்பதைக் கண்டதும், யாரோ வெட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1842-இல் வந்த மாதிரி சக்கிமுக்கி வகையே அல்ல. அது செப்புத் தொப்பியில் அடித்து வெடிக்கும் முறை. குழல் 6 அங்குலம். கெசக்கோல் கழன்று விழாதபடி கீலில் பிணைக்கப்பட்டிருக்கும். அதிலும் இடுப்புக் கொக்கி உண்டு என்பதால் சந்தையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

கழிமுகத்துக்கு வந்த வழி

காவிரிக் கழிமுகத்தில் உள்ள திருவிடைமருதூரிலிருந்து கடற்கரை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். அந்தக் கரையின் குறுகிய நீளத்துக்குள் பல ஐரோப்பிய நாட்டாரின் ஆயுதங்கள் வந்திறங்கின. தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் கையில் இருந்தது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. நாகப்பட்டினத்தை 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்தனர். காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. கொள்ளிட முகத்துவாரத்தில் உள்ள தேவிக்கோட்டையை 1749-இல் ஆங்கிலக் கம்பெனிப் படை தஞ்சை அரசிடமிருந்து பிடித்தது.

கடற்படைத் துப்பாக்கிக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள நேரடித் தொடர்பு 1781-இல் தெரிகிறது. அவ்வாண்டு அக்டோபர், நவம்பரில் ஹெக்டர் மன்றோவின் தரைப்படையும் எட்வர்ட் ஹியூஸின் கப்பற்படையும் சேர்ந்து நாகப்பட்டினத்தை முற்றுகையிட்டு டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றின. முற்றுகைக்காகக் கப்பல்களின் மாலுமிகளும் கடற்படைச் சிப்பாய்களும் கரையில் இறக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி, அந்த நகரத்தை மீட்க வந்த பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஹியூஸும் பக்கத்துக்குப் பதினொரு கப்பல்களுடன் நாகப்பட்டினத்துக்கு அப்பால் மோதினர். அதற்கு முன்பும் 1746-இலும் 1758-இலும் அதே கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சண்டையிட்டிருக்கிறார்கள்.

ஆனால் கடற்படையின் துப்பாக்கி மாலுமியின் சொந்தப் பொருள் அல்ல. அது கப்பலின் ஆயுதப் பெட்டியில் எண்ணி வைக்கப்பட்ட அரசாங்கச் சொத்து; பயணம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டியது. அதனால் இப்பகுதிப் பழைய வீடுகளில் கிடைப்பவற்றில் உண்மையான கடற்படைத் துப்பாக்கி அரிது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களுக்கும் படைகளுக்கும் வாங்கியவை அதைவிட அதிகம். அவற்றைப் பார்த்து உள்ளூரில் செய்தவை இன்னும் அதிகம்.

உள்நாட்டில் ஆயுதங்கள் சேர்ந்த இடம் தஞ்சை அரண்மனை. 1799 உடன்படிக்கையில் மன்னர் இரண்டாம் சரபோஜி ஆட்சிப் பொறுப்பைக் கம்பெனியிடம் விட்ட பிறகும் அரண்மனைப் படைக்கலக் கொட்டில் அப்படியே இருந்தது. அவருடைய மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசு முடிந்தது, கொட்டிலும் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. எஞ்சியதில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த எம். ஜே. வால்ஹவுஸ் 1878-இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் அந்தக் கொட்டிலைப் பற்றி எழுதிய கட்டுரை, இழந்தது எவ்வளவு என்பதைக் காட்டுகிறது. தமிழகத்தின் ஆயுத வரலாற்றில் இது பெரும் இழப்பு.

திருவிடைமருதூருக்குத் தனித்த ஒரு தொடர்பும் உண்டு. தஞ்சையை ஆண்ட அமர்சிங்கைக் கம்பெனி 1798-இல் பதவியிலிருந்து இறக்கி ஓய்வூதியம் கொடுத்தது. அவர் குடியேறிய ஊர் இதுதான். அவர் மகன் பிரதாபசிம்மனும் இங்கேயே வாழ்ந்தார். மகாலிங்கசுவாமி கோயிலைச் சுற்றிய தெருக்களில் ‘அரண்மனைப் பொருள்’ என்ற பேச்சு இன்றும் காதில் விழுவதற்கு இதுவே காரணம். பேச்சு உண்மையாக இருக்கலாம். அதைச் சரிபார்க்க வேண்டியது துப்பாக்கியில் உள்ள முத்திரையைக் கொண்டுதான்.

முத்திரைகளைப் படித்தல்

முதலில் பார்க்க வேண்டியது பூட்டுத் தகடு. பகல் வெளிச்சத்தில், துடைக்காமல், கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தேய்ந்த எழுத்தும் நிழல்கட்டித் தெரியும். பிரிட்டிஷ் அரசாங்கத் துப்பாக்கியில் நடுவே மகுடமும் அதன் கீழ் ‘ஜி ஆர்’ என்ற எழுத்துகளும் இருக்கும். அவை ஜார்ஜ் மன்னரைக் குறிப்பவை. குதிரைக்குப் பின்னால் தகட்டின் வால்பகுதியில் ‘டவர்’ என்ற சொல் இருக்கும். லண்டன் கோபுரத்தில் இருந்த அரசாங்கப் படைக்கலச் சாலையின் பெயர் அது. 1764-க்கு முன் செய்த பூட்டுகளில் இந்த இடத்தில் ஒப்பந்தக்காரரின் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டன. அதன்பின் அந்த வழக்கம் நின்றது. எனவே ஆண்டு குறித்த அரசாங்கப் பூட்டு பழமையானது. ஆண்டு இல்லாவிட்டால் போலி என்று பொருளில்லை.

அகன்ற அம்புக்குறி அரசாங்க உடைமையின் அடையாளம். அம்புக்குறியும் ‘பி ஓ’ எழுத்துகளும் சேர்ந்து கட்டையில் குத்தப்பட்டிருந்தால், அது படைக்கல வாரியத்தின் இருப்பில் இருந்தது. குழலின் இடப்பக்கத்தில், பின்முனைக்கு அருகே, சோதனை முத்திரைகள் இருக்கும். அளவுக்கு மீறிய மருந்திட்டுச் சுட்டுப் பார்த்துக் குழல் தாங்கியதற்குச் சாட்சி அவை. மகுடத்தின் கீழ் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள் அரசாங்கச் சோதனையைக் காட்டும். பர்மிங்காம் நகரின் சோதனைச்சாலை 1813-இல்தான் சட்டப்படி நிறுவப்பட்டது. அதன் முத்திரை குத்திய குழல் அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

கம்பெனித் துப்பாக்கிகளை அறிவது இன்னும் எளிது. 1808 வரை பூட்டில் இதய வடிவம் ஒன்று வெட்டப்பட்டது; அது நான்கு கூறாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் கம்பெனிப் பெயரின் முதலெழுத்து ஒன்று இருக்கும்; மேலே நான்கு என்ற எண்ணைப் போன்ற ஒரு கோடு நிற்கும். கம்பெனி தன் துணிப்பொதிகளில் இட்ட அதே வணிகக் குறிதான் இது. இந்தக் காலத்துப் பூட்டுகளில் செய்தவர் பெயரும் ஆண்டும் அடிக்கடி காணப்படும். 1808 முதல் இதயத்தின் இடத்தைப் பின்கால்களில் எழுந்து நின்று மகுடம் ஏந்திய சிங்கம் பிடித்துக்கொண்டது.

இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்தால் குடும்பக் கதைகளில் பாதி தானே தெளிந்துவிடும். சிங்க முத்திரை உள்ள துப்பாக்கியை, 1798-இல் பதவி இழந்த அமர்சிங் தஞ்சையிலிருந்து எடுத்து வந்தார் என்று சொல்ல முடியாது. கீலில் பிணைத்த கெசக்கோலும் செப்புத் தொப்பி அமைப்பும் கொண்ட 1842 மாதிரியை, 1832-இல் இறந்த சரபோஜி யாருக்கும் பரிசளித்திருக்க முடியாது. பர்மிங்காம் முத்திரை உள்ளது 1781 முற்றுகையில் இருந்ததல்ல. கதை பொய்த்துப்போனாலும் துப்பாக்கி பொய்யாகிவிடாது. வேறொரு உண்மையான வரலாறு அதற்கு இருக்கும். அதைத் தேடுவதுதான் சேகரிப்பாளரின் வேலை.

பிற நாட்டுத் துப்பாக்கிகளும் இந்தக் கரையில் கலந்தே கிடைக்கும். டச்சுக் கம்பெனியின் மூன்றெழுத்துப் பின்னல் முத்திரை, டென்மார்க் மன்னரின் மகுடமிட்ட பெயர்முத்திரை, பிரெஞ்சுப் பூட்டுகளில் சேந்தெத்தியேன், ஷார்ல்வில், மோபேஜ் போன்ற படைக்கலச் சாலைகளின் பெயர் ஆகியவற்றைத் தேட வேண்டும். பிரெஞ்சுக் கடற்படைக்கு ஆயுதம் செய்த ஊர் த்யூல். அந்தப் பெயர் கிடைத்தால் அது கப்பலுக்குரியது என்று பெரும்பாலும் நம்பலாம். விற்பவர் எல்லாவற்றையும் ‘வெள்ளைக்காரன் கப்பல் துப்பாக்கி’ என்றே சொல்வார். அதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

போலியும் மாற்றியமைத்ததும்

முழுப் போலிகள் இரண்டு வகை. ஒன்று, கைபர் கணவாய்ப் பகுதிப் பட்டறைகளில் கையால் செய்த நகல்கள். அவற்றில் குழலும் பூட்டும் உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் ஆங்கிலம் படிக்கத் தெரியாத கொல்லர் பார்த்து வெட்டிய எழுத்துகள் தலைகீழாகவோ இடம் மாறியோ நிற்கும். மற்றது, வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்காக இந்தியப் பட்டறைகளில் இன்றும் செய்யப்படும் அலங்காரத் துப்பாக்கி. இதில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’ என்று முழுப் பெயரும் ஓர் ஆண்டும் பெரிதாக வெட்டியிருக்கும். கம்பெனி தன் துப்பாக்கிகளில் குறியை இட்டதே தவிர முழுப் பெயரை அப்படி எழுதவில்லை. இந்த ஒன்றை மட்டும் அறிந்தாலே பலர் ஏமாறாமல் தப்பலாம்.

எழுத்தைத் தவிரப் பார்க்க வேண்டியவை: தீத்துளை உண்மையிலேயே குழலுக்குள் போகிறதா, கிண்ணத்தின் ஓரம் தீயால் அரித்திருக்கிறதா, எஃகுத் தகட்டின் முகத்தில் கல் உரசிய கீறல்கள் மேலிருந்து கீழாக ஓடுகின்றனவா. அலங்காரத் துப்பாக்கியில் துளையே இருக்காது, அல்லது பாதியில் நின்றுவிடும். திருகாணித் தலையின் வெட்டு பழையதில் கையால் அரத்தால் அறுத்தது. குறுகலாக, சற்றுக் கோணலாக இருக்கும். பித்தளைப் பாகத்தின் விளிம்பில் வார்ப்புக் குமிழ்கள் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும்.

முழுப் போலியைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது மாற்றியமைத்தது. 1840-களுக்குப் பிறகு பல சக்கிமுக்கித் துப்பாக்கிகளைச் செப்புத் தொப்பி முறைக்கு மாற்றினார்கள். கிண்ணத்தைக் கழற்றி, பூட்டுத் தகட்டின் ஓட்டைகளை அடைத்து, தீத்துளையில் ஒரு சிறு உருளையைத் திருகினார்கள். அது வரலாற்றில் நிகழ்ந்த நேர்மையான மாற்றம். அப்படி மாறியதை இன்றைக்கு மறுபடி சக்கிமுக்கியாக்கி விற்பதுதான் ஏமாற்று. குதிரையின் நிறமும் அரிப்பும் தகட்டின் நிறத்தோடும் அரிப்போடும் ஒத்துப்போகாதபோது இதைச் சந்தேகிக்கலாம். கட்டை மாற்றியவையும் நம் பகுதியில் உண்டு. கரையான் தின்ற வால்நட் கட்டைக்குப் பதில் உள்ளூர்த் தச்சர் தேக்கிலோ நூக்கிலோ பலாவிலோ செய்து பொருத்தியிருப்பார். அந்தத் தச்சரின் வேலையே இன்று நூறு ஆண்டுப் பழமையானதாக இருக்கலாம். அதைக் கழற்றி எறிந்து புது வால்நட் கட்டை போடுவது, இருக்கிற வரலாற்றையும் அழிப்பதாகும். மாற்றப்பட்டது என்று எழுதி வைத்து அப்படியே காப்பதே சரி.

கையில் எடுக்கும் முன்

இருநூறு ஆண்டுப் பழைய துப்பாக்கிக்குள் மருந்தும் குண்டும் இன்னும் இருக்கலாம். ஈரம் படாத வெடிமருந்து காலத்தால் வலுவிழப்பதில்லை. இதைச் சோதிக்கும் முறை மிக எளிது. ஒருமுறைகூட விட்டுவிடக் கூடாது. குழல்வாயை ஆள் இல்லாத பக்கம், சுவரை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை, முகம் குழலுக்கு நேரே வராதபடி பக்கவாட்டில் நின்று, தட்டும் வரை மெதுவாக உள்ளே விட்டுக் குழல்வாய் மட்டத்தில் விரலால் பிடித்து அடையாளம் செய்ய வேண்டும். பிறகு குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே அளவுக்குப் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். குச்சியின் நுனி தீத்துளை வரை வந்தால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்பே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக் கூடாகவும் இருக்கலாம். கெட்டித்த மருந்தாகவும் இருக்கலாம். துளை போட்டோ சூடு காட்டியோ தட்டியோ அதை எடுக்க முயல்வது உயிருக்கு ஆபத்து. துப்பாக்கியை அப்படியே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

காலி என்று தெரிந்த துப்பாக்கியிலும் குதிரையை இழுத்து விடுவது தவறு. இருநூறு ஆண்டுப் பழைய வில் உடைந்தால் அதற்கு மாற்று கிடையாது.

சட்டம்

இந்தியாவில் இந்தத் துப்பாக்கி இரண்டு சட்டங்களுக்குள் வருகிறது. ஒன்று 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது: வழக்கொழிந்த மாதிரியோ, தொன்மை மதிப்புள்ளதோ, பழுதானதோ ஆன ஓர் ஆயுதம், பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட உதவாதது என்றால் அதற்குச் சட்டம் பொருந்தாது. இந்த விலக்கின் முழுப் பொருளும் ‘பழுதுபார்த்தாலும்’ என்ற சொல்லில் இருக்கிறது. வில் உடைந்த துப்பாக்கியைக் கொல்லர் ஒரு நாளில் சரிசெய்துவிடலாம் என்றால் அது விலக்குக்குள் வராது. பழையது என்பதாலேயே உரிமம் வேண்டாம் என்று பலர் நினைத்துக்கொள்வது பெரும் தவறு.

2020-இல் ஆயுத விதிகளில் வந்த திருத்தம், அரும்பொருள் வகையில் அடங்கும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை என்றது. ஆனால் அவற்றைப் பயன்படுத்தவோ எடுத்துச் செல்லவோ இடம் மாற்றவோ உரிய உரிமம் வேண்டும். தன் கையிலுள்ள பொருள் அந்த வகையில் அடங்குமா என்பதை உரிமையாளர் தானே தீர்மானித்துக்கொள்வது பாதுகாப்பானதல்ல. தஞ்சாவூர் மாவட்டத்தில் இருப்பவர், படங்களும் அளவுகளும் முத்திரை விவரமும் இணைத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பதிலையும் எழுத்தில் பெற வேண்டும். துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் தஞ்சைக்குப் போவது கூடாது. முதலில் காகிதம் போகட்டும்.

சிலர் பயந்துபோய்க் குழலில் ஈயத்தை ஊற்றி அடைத்துவிடுகிறார்கள், அல்லது தீத்துளையை வெல்டிங் வைத்து மூடிவிடுகிறார்கள். அதிகாரி எழுத்தில் கேட்டாலன்றி இதைச் செய்யவே கூடாது. ஒரு நிமிட வெல்டிங் முத்திரைகளையும் உலோகத்தின் நிறத்தையும் நிரந்தரமாக அழித்துவிடும். பிற நாடுகளில் சட்டம் வேறு. பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அலங்காரமாகவோ அரும்பொருளாகவோ வைத்திருக்கும் தொன்மையான துப்பாக்கிக்கு விலக்கு தருகிறது. அமெரிக்காவில் 1899-க்கு முன் செய்தவை தனியே வைத்துப் பார்க்கப்படுகின்றன. வெளிநாட்டு நூல்களைப் படித்துவிட்டு அதே சலுகை இங்கும் உண்டு என்று எண்ணக் கூடாது. வெளிநாட்டு ஏலத்தில் வாங்கி வரவழைப்பதற்கும் இங்கே உரிமம் வேண்டும்.

இரண்டாவது, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம். நூறு ஆண்டுக்குக் குறையாத வரலாற்றுப் பொருள் எங்கே செய்யப்பட்டதாக இருந்தாலும் இங்கே இருந்தால் அது தொல்பொருளே. தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் பரிசாகவும் அனுப்ப முடியாது. தொல்பொருள் விற்பவர் அதற்கான உரிமம் வைத்திருக்க வேண்டும். வாங்குபவர் அதைக் கேட்டுப் பார்ப்பது முறை.

மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால் இன்னொரு சட்டமும் சேர்கிறது. வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ பாழ்கிணற்றைத் தூர் வாரும்போதோ கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம்.

காத்தல்

கழிமுகத்தின் காற்றே துப்பாக்கிக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் மாதக்கணக்கில் வீட்டுக்குள் தங்கும். குழலுக்குள் எஞ்சிய பழைய மருந்துக் கசடு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளிருந்தே அரிக்கும். கடலோர வீட்டிலிருந்து வந்த துப்பாக்கியில் உப்பும் சேர்ந்திருக்கும்.

இரும்பின் மேல் இரண்டு விதத் துரு உண்டு. கரும்பழுப்பாக, வழவழப்பாக, தொட்டால் கையில் ஒட்டாமல் இருப்பது காலம் தந்த தோல். அதை எடுக்கக் கூடாது. செம்மஞ்சளாக, பொடியாக உதிர்வது உயிருள்ள துரு. அதை நிறுத்த வேண்டும். தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். உப்புத்தாள், கம்பி நார், தண்ணீர் மூன்றும் ஆகாது.

பித்தளையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் குத்துவிளக்கையும் அண்டாவையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது வழக்கம். ஆடி வெள்ளிக்கு விளக்கு துலக்கும் அதே கையோடு, அலமாரியில் இருக்கும் துப்பாக்கியின் பித்தளையையும் துலக்கிவிடும் வீடுகள் உண்டு. புளியின் அமிலம் மேல்நிறத்தைக் கரைக்கிறது. தேய்ப்பு முத்திரையின் ஓரத்தை மழுக்குகிறது. மரத்தின் இடுக்கில் இறங்கிய புளிநீர் உள்ளே இருக்கும் இரும்பைத் தின்கிறது. பிடித்தொப்பியில் குத்திய எண்கள் எந்தப் பெட்டியில், எந்தக் கப்பலில் அது இருந்தது என்று தேடுவதற்குக் கிடைக்கும் ஒரே துப்பாக இருக்கும். ஒரு காலைப்பொழுதில் அது போய்விடும். மங்கிய பித்தளை மங்கியே இருக்கட்டும். வீட்டில் உள்ள எல்லோருக்கும், வேலைக்கு வருபவருக்கும் இதைச் சொல்லி வைப்பது எந்தப் பூச்சையும்விடப் பெரிய காப்பு.

துடைத்த இரும்புக்கும் பித்தளைக்கும் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லிதாகப் பூசலாம். தோல் உறையிலோ கம்பளியிலோ வைக்கக் கூடாது. இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அமிலமில்லாத தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில், தரையை விட்டு உயரத்தில் வைக்கலாம். மரத்தில் சிறு துளைகளும் அடியில் மாவு போன்ற பொடியும் தென்பட்டால் வண்டு இருக்கிறது. மற்ற மரப் பொருள்களிலிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும். கட்டைக்கு வார்னிஷ் பூசக் கூடாது.

பார்த்தல், வாங்குதல், ஒப்படைத்தல்

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்க வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடத்தில் தஞ்சையிலிருந்து போன ஆயுதங்கள் உள்ளன. ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் கம்பெனிக் காலத் துப்பாக்கிகளைக் காணலாம். தரங்கம்பாடி டான்ஸ்போர்க் கோட்டைக்கும் போய் வருவது நல்லது. ஓர் உண்மையான பூட்டை நெடுநேரம் பார்த்தவருக்குப் போலி முதல் பார்வையிலேயே உறுத்தும்.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலும் புதுச்சேரியிலும் கொச்சி மட்டாஞ்சேரியிலும் பழம்பொருள் கடைகள் பல. விலையைத் தீர்மானிப்பவை மூன்று: மாற்றப்படாத நிலை, படிக்கத்தக்க முத்திரை, எழுத்துச் சான்று. பளபளப்பு நான்காவதாகக்கூட வராது. பழைய ஆயுத உரிமம், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு வரி, தாத்தா துப்பாக்கியுடன் நிற்கும் புகைப்படம் ஆகியவை இருந்தால் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்க வேண்டும். பல வீடுகளில் இந்தக் காகிதங்கள் பரணில் எலிக்கு இரையாகி, துப்பாக்கி மட்டும் தனியே விலைக்கு வருகிறது. பித்தளைப் பாகங்களை மட்டும் கழற்றிப் பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போடுவதும் நடக்கிறது. கும்பகோணம் பக்கத்தில் பாத்திரக் கடைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், உருக்கப்படுவதற்கு முன் ஒரு விசைக்காப்பையாவது காப்பாற்ற முடியும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் எழுதி வைக்க வேண்டும். மொத்த நீளம், குழல் நீளம், குழல்வாய் விட்டம், எடை, எல்லா முத்திரைகளின் படமும் அவை இருக்கும் இடமும், யாரிடமிருந்து எப்போது வந்தது, அவர் சொன்ன கதை, அதிகாரிகளுடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவை அதில் இருக்க வேண்டும். கதையை ‘சொல்லப்பட்டது’ என்றும், முத்திரையால் தெரிந்ததை ‘காணப்பட்டது’ என்றும் பிரித்து எழுதுவது பின்னால் வருபவருக்குப் பெரும் உதவி.

உரிமம் உள்ள துப்பாக்கி உரிமையாளர் இறந்ததும் வாரிசுக்குத் தானாகப் போய்விடாது. வாரிசு உடனே ஆட்சியர் அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவித்து, தன் பெயரில் உரிமம் கேட்க வேண்டும், அல்லது ஒப்படைக்க வேண்டும். வாரிசுகளில் யாருக்கும் விருப்பமில்லை என்றால், உரிமையாளர் உயிருடன் இருக்கும்போதே அரசு அருங்காட்சியகம் ஒன்றுக்கு எழுதிக் கேட்டு, கொடையாக ஏற்கிறார்களா என்று அறிந்து, ஆட்சியர் அலுவலகத்தின் சம்மதத்தையும் பெற்றுவிடலாம். துப்பாக்கியை ஒப்படைக்கும் நாளில் அதன் தாளும் பழைய உரிமமும் புகைப்படங்களும் சேர்ந்தே போக வேண்டும். அவற்றுக்கு ஒப்புகைச் சீட்டும் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும்.